அமெரிக்காவிலிருந்து டிடென்ஷன் பில் வந்தால்: கரூர் ஏற்றுமதியாளருக்குப் பதில்

கேள்வி: கரூரில் சிறிய அளவில் வீட்டு உபயோகத் துணி ஏற்றுமதி செய்கிறேன். கிச்சன் டவல், மேஜை விரிப்பு, ஏப்ரன் இந்த மாதிரி. அமெரிக்கப் பையர் ஒருவருக்கு எஃப்.ஓ.பி. தூத்துக்குடி விலையில், அதாவது அங்கே கப்பலில் ஏற்றுவது வரை மட்டும் என் பொறுப்பு என்ற கணக்கில், இரண்டு நாற்பதடி கன்டெய்னர் அனுப்பினேன். கப்பலில் இடம் பிடித்துச் சரக்கை அனுப்பிவைக்கும் ஃபார்வர்டர், பையர் சொன்ன ஆள்தான். சவானா துறைமுகத்தில் இறங்கியதும் ஒரு பெட்டியைக் கஸ்டம்ஸ் சோதனைக்கு எடுத்துவிட்டார்கள். ஒருவழியாக இரண்டும் டெலிவரி ஆகி, எனக்குச் சரக்குப் பணமும் வந்துவிட்டது. காலிப் பெட்டிகள் மார்ச் 11 அன்று திரும்பிவிட்டதாக டிராக்கிங்கில் இருக்கிறது. இப்போது ஜூன் 20 தேதியிட்டு ஃபார்வர்டரின் சென்னை ஆபீஸிலிருந்து 6,840 டாலருக்கு ஒரு பில். "டெஸ்டினேஷன் டிடென்ஷன்" என்று ஒரே வரி, அதாவது இறங்கிய இடத்தில் பெட்டியைத் தாமதமாகத் திருப்பியதற்கான கட்டணம். பையர் கட்ட மறுக்கிறார், பி.எல். என்கிற கப்பல் சரக்கு ரசீதில் ஷிப்பர், அதாவது அனுப்புநர், நீங்கள்தான், ஏழு நாளில் கட்டாவிட்டால் அடுத்த புக்கிங் கிடையாது என்கிறார்கள். என்ன கணக்கு என்று கேட்டால் "இன்டர்நேஷனல் ரூல்" என்று பதில். கப்பல் கம்பெனிகளைத் தட்டிக் கேட்க ஒரு அரசாங்கமும் இல்லையா? நம் அரசின் கப்பல் துறை இயக்குநரகமான டி.ஜி. ஷிப்பிங்குக்கு எழுதினால் பயன் உண்டா? ஜெர்மனிக்கு சி.ஐ.எஃப். விலையில், அதாவது கப்பல் வாடகையும் இன்ஷூரன்ஸும் சேர்த்து, போகும் சரக்குக்கும் ஈ.டி.எஸ். என்று புதிதாக ஒரு தொகை சேர்க்கிறார்கள். அதையும் எதிர்க்கலாமா?

பதில்: ஏழு நாள் கெடுவைப் பார்த்துப் பதறிப் பணம் கட்டிவிடாதீர்கள். அதற்காக, "எஃப்.ஓ.பி. தானே, எனக்கென்ன" என்று பில்லை ஓரமாக வைத்துவிடவும் வேண்டாம். ஓரிரு நாளில் எழுத்துமூலம் ஒரு மறுப்பு போய்ச் சேர வேண்டும். நீங்கள் இணைத்திருந்த நகலைப் பார்த்தேன். ஒரு வரி, ஒரு தொகை, கீழே வங்கிக் கணக்கு எண், அவ்வளவுதான். அமெரிக்காவில் இறங்கிய சரக்குக்கு இப்படி ஒரு பில் எழுதிப் பணம் வாங்க அந்த நாட்டுச் சட்டம் இடம் தருவதில்லை.

"இன்டர்நேஷனல் ரூல்" என்றதை முதலில் ஒதுக்கிவிடுவோம். கப்பல் போக்குவரத்துக்கு ஐ.நா.வின் கீழ் லண்டனில் ஐ.எம்.ஓ. என்ற அமைப்பு இருப்பது உண்மை. அதன் வேலை கப்பலின் பாதுகாப்பும் கடல் மாசும். உங்கள் ஃபேக்டரியில் பெட்டியில் சரக்கை ஏற்றி முடித்ததும் எடை போட்டு வி.ஜி.எம். என்ற எடைச் சான்று கொடுக்கிறீர்களே, அதை 2016 ஜூலை 1 முதல் கட்டாயமாக்கியது அவர்களுடைய சோலாஸ் என்ற கடல் பாதுகாப்பு உடன்படிக்கைதான். 2020 ஜனவரி 1 முதல் கப்பல் எண்ணெயில் கந்தகம் 0.50 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்றதும் அவர்களே. அதையொட்டித்தான் லோ சல்ஃபர் சர்சார்ஜ் என்று பில்லில் புதிதாக ஒன்று முளைத்தது. ஆனால் அதற்கு எத்தனை டாலர் போடலாம் என்று ஐ.எம்.ஓ. சொல்வதில்லை. ஃப்ரைட் என்கிற கப்பல் வாடகை, பெட்டியைக் கட்டணமில்லாமல் வைத்திருக்கும் ஃப்ரீ டைம், டிடென்ஷன் எதற்கும் உலகப் பொதுச் சட்டம் கிடையாது. எந்த நாட்டுத் துறைமுகத்தில் சிக்கலோ அந்த நாட்டுச் சட்டம் பேசும். அப்புறம் பி.எல்.லின் பின்பக்கத்துப் பொடி எழுத்து பேசும்.

டி.ஜி. ஷிப்பிங் பற்றிக் கேட்டீர்கள். இந்த பில் விஷயத்தில் அங்கே பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். நம் நாட்டில் கடல்சார் சட்டங்கள் 2025-ல் ஒட்டுமொத்தமாகப் புதுப்பிக்கப்பட்டன. 1856-ஆம் வருஷத்து பி.எல். சட்டம், 1925-ன் கடல்வழிச் சரக்குச் சட்டம், 1958-ன் வணிகக் கப்பல் சட்டம் மூன்றுக்கும் பதிலாகப் புதியவை வந்துவிட்டன. ஆனால் லைன், அதாவது கப்பல் கம்பெனி, எவ்வளவு வசூலிக்கலாம், எப்போது பில் போட வேண்டும் என்பதை இவை தொடவில்லை. லைன்களின் வணிக நடைமுறையை ஒழுங்குபடுத்த முன்பு ஒரு வரைவு மசோதா சுற்றுக்கு வந்தது, சட்டமாகாமலே நின்றுபோனது. ஏற்றுமதி, ஏற்றுமதி என்று மேடைக்கு மேடை பேசுகிறவர்கள் இந்த ஓட்டையை இத்தனை வருஷம் அப்படியே விட்டிருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

இங்கே உங்களுக்கு உதவக்கூடியவை இரண்டு. உங்கள் ஃபார்வர்டர் 1993-ன் மல்ட்டிமோடல் போக்குவரத்துச் சட்டப்படி டி.ஜி. ஷிப்பிங்கில் பதிவு செய்தவராக இருந்தால், அவருடைய நடத்தையைப் பற்றி அங்கே எழுதி வைக்கலாம். இன்னொன்று கஸ்டம்ஸ் பக்கம். தூத்துக்குடியில் சரிபார்ப்புக்காகப் பெட்டியைக் கஸ்டம்ஸ் நிறுத்தி வைத்து, கடைசியில் நீங்கள் கொடுத்த ஷிப்பிங் பில் என்ற ஏற்றுமதி அறிக்கை சரியாகவே இருந்தது என்றால், அந்த நாட்களுக்கு லைன் டிடென்ஷன் கேட்கக் கூடாது என்று 2018-ன் சரக்கு மேனிஃபெஸ்ட் விதிமுறை சொல்கிறது. 60 நாளுக்கு மேல் போனால்தான் கேட்கலாம். இது நம் கரைக்கு மட்டும். சவானாவுக்குப் பொருந்தாது.

சவானாவுக்குப் பொருந்துவது எஃப்.எம்.சி. என்கிற பெடரல் மேரிடைம் கமிஷன். அமெரிக்க அரசின் தனி அமைப்பு, 1961 முதல் இருக்கிறது. அமெரிக்காவுக்கு வருகிற, அங்கிருந்து கிளம்புகிற லைன் எந்த நாட்டுக் கொடி பறந்தாலும் இதன் பிடிக்குள் வரும். இதுவும் விலை நிர்ணயிப்பதில்லை. ஒவ்வொரு லைனும் தன் கட்டண அட்டவணையை வெளியிட வேண்டும், அதில் உயர்த்துவதாக இருந்தால் 30 நாள் முன்னதாகச் சொல்ல வேண்டும், நியாயமில்லாத நடைமுறை கூடாது என்று ஆட்டத்தின் விதியை வகுக்கும்.

டிடென்ஷன் விஷயத்தில் இந்த அமைப்புக்குப் பல் முளைத்தது 2022-ல். கோவிட் நெரிசலில் லாஸ் ஏஞ்சலஸ், லாங் பீச் துறைமுகங்களுக்கு வெளியே நூறு கப்பலுக்கு மேல் காத்துக் கிடந்தது ஞாபகம் இருக்கும். திருப்பிக் கொடுக்க இடமில்லாத பெட்டிக்கும் டிடென்ஷன், எடுக்க வழியில்லாத பெட்டிக்கும் டெமரேஜ், அதாவது துறைமுகத்தில் கிடந்ததற்கான கட்டணம், என்று லைன்கள் பில் போட்டன. அங்கத்திய விவசாய ஏற்றுமதியாளர்களுக்கோ காலிப் பெட்டியே கிடைக்கவில்லை. லைன்கள் அவற்றை அவசர அவசரமாக ஆசியாவுக்குத் திருப்பிக்கொண்டிருந்தன. அந்த ஏற்றுமதியாளர்கள் போட்ட கூச்சலில்தான் அந்த வருஷம் ஜூன் 16 அன்று கடல் போக்குவரத்துச் சீர்திருத்தச் சட்டம் கையெழுத்தானது. கரூர்க்காரரை மனதில் வைத்து யாரும் எழுதவில்லை, ஆனாலும் அதன் பலன் உங்களுக்கும் உண்டு.

அந்தச் சட்டத்தின் கீழ் எஃப்.எம்.சி. வகுத்த பில் விதிகள் 2024 மே 28 முதல் நடப்பில் இருக்கின்றன. உங்கள் கையில் இருக்கும் காகிதத்தை அவற்றோடு வைத்துப் பாருங்கள்.

முதலில் தேதி. கட்டணம் ஓடுவது நின்ற நாளிலிருந்து 30 நாட்காட்டி நாளுக்குள் லைன் பில் போட்டாக வேண்டும். காலிப் பெட்டி மார்ச் 11 அன்று திரும்பியது என்றால் ஏப்ரல் 10 கடைசி. நடுவில் என்.வி.ஓ. இருந்தால், அதாவது சொந்தக் கப்பல் இல்லாமல் தன் பெயரில் ஹவுஸ் பி.எல். போடுகிறவர் இருந்தால், லைன் அவருக்குப் போட்ட பில்லின் தேதியிலிருந்து அவருக்கு இன்னொரு 30 நாள். ரொம்பத் தள்ளிப்போனாலும் மே 10. உங்களுக்கு வந்திருப்பது ஜூன் 20, பெட்டி திரும்பி 101 நாள் கழித்து. கெடு தாண்டிய பில்லைக் கட்ட வேண்டியதில்லை என்று விதியிலேயே இருக்கிறது.

"லைன் எங்களுக்கே தாமதமாகத்தான் பில் அனுப்பியது" என்று ஃபார்வர்டர் சொல்லக்கூடும். அப்படியென்றால் அவரே லைனுக்குக் கட்டியிருக்க வேண்டியதில்லை, அந்தத் தொகையை உங்கள் தலையில் ஏற்றுவது எப்படி என்று கேளுங்கள். லைன் நேரத்துக்கு அனுப்பியிருந்தது என்றால் அவர் தாமதம் செய்திருக்கிறார். எப்படிப் பார்த்தாலும் உங்களுக்கு வாதம் இருக்கிறது. அதனால் நீங்கள் கேட்க வேண்டிய முதல் காகிதம் லைன் அவருக்குக் கொடுத்த மூல பில். அதைக் காட்ட மறுத்தால் விஷயம் பாதி புரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது பில்லில் என்ன இருக்க வேண்டும் என்பது. பி.எல். எண், கன்டெய்னர் எண், இறங்கிய துறைமுகம். ஃப்ரீ டைம் எத்தனை நாள், என்றைக்குத் தொடங்கி என்றைக்கு முடிந்தது. பெட்டி எடுக்கத் தயாரான தேதி. எந்தெந்த நாளுக்கு எவ்வளவு ரேட், அந்த ரேட் எந்தக் கட்டண அட்டவணையின் எந்த விதி எண்ணில் இருக்கிறது. உங்களிடம் ஏன் கேட்கிறார்கள் என்பதற்கு அடிப்படை. மறுப்புத் தெரிவிக்க யாரை, எப்படி அணுகுவது. இதோடு, கட்டணம் எஃப்.எம்.சி. விதிக்கு உட்பட்டது, இந்தத் தாமதத்துக்கு எங்கள் தரப்புக் காரணம் இல்லை என்று பில் போடுகிறவரே தரும் உறுதிமொழி. இவற்றில் கட்டாயமானது ஒன்று விடுபட்டாலும் பணம் கட்டும் பொறுப்பு இல்லாமல் போகிறது. உங்கள் பில்லில் கன்டெய்னர் எண்கூட இல்லை.

விதி எண்ணைக் கேட்டு வாங்குவதில் ஒரு லாபம் இருக்கிறது. லைன்களின் கட்டண அட்டவணை எந்தத் தளத்தில் கிடைக்கும் என்ற பட்டியல் எஃப்.எம்.சி. இணையதளத்தில் இருக்கிறது. உட்கார்ந்து பார்த்தால் சவானாவில் நாற்பதடி பெட்டிக்கு ஃப்ரீ டைம் எத்தனை நாள், அதன் பிறகு படிப்படியாக எவ்வளவு என்று வரும். லைன் போட்ட தொகைக்கு மேல் நடுவில் யாராவது கை வைத்திருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். இந்தத் தொழிலில் அது அபூர்வம் இல்லை.

கஸ்டம்ஸ் சோதனை நடந்த நாட்களைத் தனியாகப் பிரித்து எழுதச் சொல்லுங்கள். டிடென்ஷன் எதற்கு? பெட்டி சீக்கிரம் நகர வேண்டும் என்று உந்துவதற்கு. என்ன செய்தாலும் பெட்டியை நகர்த்த முடியாத நாளில் அந்த உந்துதலுக்கு அர்த்தமில்லை என்று எஃப்.எம்.சி. 2020-லேயே விளக்கம் கொடுத்தது. இதனால் சோதனை நாட்களுக்கு முழு விலக்கு என்று ஆகிவிடாது. ஒவ்வொரு வழக்காகத்தான் பார்ப்பார்கள். ஆனாலும் சோதனைக்குப் பத்து நாள், பையரின் வேர்ஹவுஸில் இடமில்லாமல் பத்து நாள் என்று பிரிந்துவிட்டால், இரண்டாவது பத்து நாள் யாருடைய பாடு என்பதும் சேர்ந்தே வெளிப்படும்.

இனி உங்களுக்குப் பாதகமானதையும் சொல்லிவிடுகிறேன். "எஃப்.ஓ.பி. போட்டேன், பெட்டி கப்பலில் ஏறியதோடு என் பொறுப்பு முடிந்தது" என்பது பையருக்கும் உங்களுக்கும் இடையிலான விற்பனை ஒப்பந்தம். லைன் அதில் ஒரு தரப்பு இல்லை. பி.எல்.லின் பின்பக்கத்தில் "மெர்ச்சன்ட்" என்ற தலைப்பின் கீழ் ஷிப்பர், சரக்கைப் பெறும் கன்சைனி, பி.எல்.லைக் கையில் வைத்திருப்பவர் என்று எல்லோரையும் ஒரே கூடையில் போட்டு, யாரிடம் வேண்டுமானாலும் முழுத் தொகையையும் கேட்கலாம் என்று எழுதியிருப்பார்கள். யாருக்கு பில் போடலாம், யாருக்குக் கூடாது என்று எஃப்.எம்.சி. ஒரு வரம்பு வைத்திருந்தது. லைன்களின் சங்கம் வழக்குப் போட்டு, 2025 செப்டம்பரில் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த ஒரு பிரிவை மட்டும் ரத்து செய்துவிட்டது. ஆகவே "எனக்கு பில் போட உரிமையே இல்லை" என்ற வாதத்தில் முழு எடையையும் வைக்காதீர்கள். தேதியும் பில்லின் விவரமும் பற்றிய விதிகள் அப்படியே இருக்கின்றன. உங்கள் பலம் அவற்றில்தான்.

மறுப்புக் கடிதம் சின்னதாகப் போதும். கோபம் வேண்டாம், எஃப்.ஓ.பி. பாடமும் வேண்டாம். பி.எல். எண், பில் எண், தேதி போட்டு, இந்தத் தொகையை மறுக்கிறேன் என்று முதல் வரியிலேயே எழுதுங்கள். மார்ச் 11, ஜூன் 20 என்ற இரண்டு தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். விடுபட்ட விவரங்களைக் குறிப்பிட்டு, லைனின் மூல பில், பெட்டி வெளியே போன, காலியாகத் திரும்பிய கேட் பதிவுகள், சோதனைத் தேதிகள் ஆகியவற்றைக் கேளுங்கள். காலிப் பெட்டி திரும்பியதைக் காட்டும் டிராக்கிங் பக்கத்தை இன்றைக்கே படம் பிடித்து இணைத்துவிடுங்கள். சில மாதம் போனால் அந்தப் பக்கம் கிடைக்காமல் போகலாம். பையருக்கு ஒரு நகல் அனுப்புங்கள். பில் தேதியிலிருந்து குறைந்தது 30 நாள் மறுக்க அவகாசம் உண்டு, உங்களுக்கு ஜூலை 20 வரை. மறுப்பு கிடைத்த 30 நாளுக்குள் அவர்கள் தீர்க்க முயல வேண்டும். ஏழு நாள் கெடு என்பது அவர்களாக வைத்துக்கொண்டது.

அதோடு, எஃப்.எம்.சி. தளத்தில் உங்கள் ஃபார்வர்டரின் பெயரைத் தேடிப் பாருங்கள். உங்களிடம் இருப்பது அவர் பெயரில் போட்ட ஹவுஸ் பி.எல். என்றால், அமெரிக்கச் சரக்கில் என்.வி.ஓ.வாக வேலை செய்ய அவர் அங்கே பதிவு செய்திருக்க வேண்டும். வெளிநாட்டு என்.வி.ஓ. அதற்கு 1,50,000 டாலருக்கு பாண்ட் என்ற உத்தரவாதப் பத்திரம் கொடுக்க வேண்டும். பட்டியலில் பெயர் இருந்தால் இந்த விதிகள் எல்லாம் அவரைக் கட்டும். பெயர் இல்லையென்றால் அவருக்குத்தான் தலைவலி, கடிதத்தில் அதை ஒரு கேள்வியாக மட்டும் கேட்டு வையுங்கள். வெறும் ஏஜென்ட் நான் என்று நழுவினால், யாருடைய ஏஜென்ட், அவர் போட்ட பில் எங்கே என்று திருப்பிக் கேளுங்கள்.

அடுத்த புக்கிங் தர மாட்டோம் என்ற மிரட்டலை மெயிலில் வாங்கிவிடுங்கள். போனில் சொன்னதை "நீங்கள் இன்று சொன்னபடி" என்று எழுதி அனுப்பினாலே போதும். புகார் கொடுத்ததற்காகச் சரக்கை ஏற்க மறுப்பதும் வேறு விதமாகப் பழிவாங்குவதும் 2022 சட்டப்படி தடை. இந்த மெயில் போன பிறகு பேச்சில் கொஞ்சம் பணிவு வருவதைப் பார்ப்பீர்கள்.

அதற்கும் மசியவில்லை என்றால் எஃப்.எம்.சி.யிலேயே கட்டணப் புகார் கொடுக்கலாம். வக்கீல் தேவையில்லை, ஃபீஸ் இல்லை, மெயிலில் பில் நகலும் காரணமும் அனுப்பினால் எடுத்துக்கொள்வார்கள். கட்டணம் நியாயமானது என்று நிரூபிக்கும் சுமை லைன் பக்கம். அதற்கு முன்னால் சமரசம் பேசிப் பார்க்க அவர்களிடமே தனிப் பிரிவு இருக்கிறது. 6,840 டாலருக்கு நான் முதலில் அந்தப் பிரிவுக்குத்தான் எழுதுவேன். பையரைப் பகைத்துக்கொள்ளாமல் முடியும் வழி அது.

அடுத்த ஆர்டருக்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். பையரின் பர்ச்சேஸ் ஆர்டரில், இறங்கு துறைமுகத்து டெமரேஜ், டிடென்ஷன், சோதனைச் செலவு அனைத்தும் கன்சைனி பொறுப்பு என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். ஃபார்வர்டரிடமும் புக்கிங் மெயிலிலேயே அதை ஒப்புக்கொள்ள வையுங்கள். லைனை அது கட்டுப்படுத்தாது, ஆனால் பையரிடம் திருப்பி வாங்க உங்கள் கையில் எழுத்து இருக்கும். பெரும்பாலான பையர்கள் மறுக்க மாட்டார்கள், கேட்பவர்கள்தான் குறைவு.

கடைசியாக ஜெர்மனி. ஈ.டி.எஸ். தொகையையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டாம். அது ஐரோப்பிய ஒன்றியத்தின் உமிழ்வு வர்த்தகச் சட்டம், 2024 முதல் கப்பலுக்கும் வந்துவிட்டது. 5,000 டன்னேஜுக்கு மேற்பட்ட கப்பல் விடும் கரியமில வாயுவுக்கு உரிமங்களை வாங்கி ஒப்படைக்க வேண்டும். ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வரும் பயணத்தில் பாதிப் புகையைக் கணக்கில் எடுக்கிறார்கள். அப்படி வந்த கணக்கில் 2024-க்கு 40 சதவீதம், 2025-க்கு 70, 2026-லிருந்து முழுவதும் என்று படிப்படியாக ஏற்றினார்கள். அதனால்தான் தொகை வருஷா வருஷம் கூடிக்கொண்டு வந்தது. செங்கடல் பக்கம் தாக்குதல் தொடங்கிய பிறகு ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போன கப்பல்கள் கூடுதலாக எண்ணெய் எரித்ததும் இதில் ஏறியது.

ஆனால் சட்டம் லைனிடம் கேட்பது உரிமத்தை. உங்களிடம் பெட்டிக்கு எத்தனை யூரோ என்பதை லைன்தான் முடிவு செய்கிறது, லைனுக்கு லைன் வித்தியாசமும் உண்டு. பல லைன்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை தடம்வாரியாகத் தொகையை வெளியிடுகின்றன. சி.ஐ.எஃப். விலை சொல்கிறீர்கள் என்பதால் அது உங்கள் பையிலிருந்துதான் போகிறது. ரேட் கேட்கும்போதே ஈ.டி.எஸ். உட்பட என்று இரண்டு மூன்று லைனில் வாங்கி ஒப்பிடுங்கள். பையருக்குக் கொட்டேஷன் கொடுக்கையில் அதைத் தனி வரியாகக் காட்டி, கப்பலேறும் தேதியில் உள்ள தொகைப்படி என்று எழுதிவிடுங்கள்.